பழைய லாரியில் ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லையா? சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: இக்னிஷன் திருப்பப்படுகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது.]

ஏர் பிரேக் உள்ள பழைய லாரியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வசதியின் விளக்கு எரியத் தொடங்கியதும் பலர் சக்கரத்தின் வேகத்தை அறியும் புதிய சென்சார் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில நேரங்களில் விளக்கு அணைந்தும் விடுகிறது. ஆனால் அதற்குக் காரணம் புதிய சென்சாராக இருக்க வேண்டியதில்லை. மாட்டும்போது அது சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தைத் தொடும்வரை உள்ளே தள்ளப்பட்டதே போதுமானதாக இருந்திருக்கும். அதே வேலையைப் பழைய சென்சாரை வைத்தே, செலவில்லாமல் செய்திருக்கலாம். ஆகவே, விளக்கு எரியும் விதத்தைக் கொண்டு கோளாறை எப்படி நெருங்குவது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். திடீரென மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் ஒரு பகுதியிலோ முழுவதுமாகவோ நின்றிருக்கும். அதனுடன் சிவப்பு விளக்கோ காற்றழுத்தம் குறைந்ததற்கான எச்சரிக்கை ஒலியோ சேர்ந்து வந்தால், அதைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

[காட்சி: விளக்கு எரிந்து அணைவது, நெருக்கத்தில்.]

இக்னிஷனைப் போட்டதும் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைந்தால், கருவி தன்னைத் தானே சோதித்துத் திருப்தி அடைந்துவிட்டது என்று பொருள். விளக்கு எரியவே இல்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம். பல்பு போயிருக்கலாம், அல்லது கோளாறை மறைக்க யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது இதைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். நிற்கும்போது எரிந்துகொண்டே இருந்து, வண்டி மணிக்கு 7 கிலோமீட்டர் அளவு வேகத்தைத் தாண்டியதும் அணைந்தால், முன்பு பதிவான சென்சார் கோளாறு இப்போது இல்லை என்பதை ஈ.சி.யு. (ஏ.பி.எஸ்.ஸை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஓட்டத்தில் உறுதிசெய்துகொண்டது எனலாம். ஓடும்போதும் அணையாவிட்டால் கோளாறு இன்னும் இருக்கிறது. மேடு பள்ளத்தில் மட்டும் எரிந்து மறைந்தால் வயர், கனெக்டர், தளர்ந்த பேரிங் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடத் தொடங்கலாம்.

பல பழைய வண்டிகளில் இதற்கென ஒரு சோதனை சுவிட்ச் இருக்கும். அதை அழுத்திவிட்டால் விளக்கு விட்டுவிட்டு மின்னிக் குறியீட்டைக் காட்டும். ஏ.பி.எஸ். தயாரிப்பான மெரிட்டர் வாப்கோவின் பழைய வகைகளில் முதல் எண் கோளாறின் தன்மையையும், இரண்டாவது எண் அது இருக்கும் இடத்தையும் சொல்லும். முதல் எண் 3 என்றால் சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் இடைவெளி அதிகம், 4 என்றால் சென்சார் சர்க்யூட் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டாவது எண் 1 வலது முன்சக்கரத்தையும் 2 இடது முன்சக்கரத்தையும் குறிக்கும். 1-1 வந்தால் கோளாறு ஏதும் இல்லை. மற்ற தயாரிப்புகளில் எண்கள் மாறும் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

[காட்சி: ஃபியூஸ் பெட்டி, பிறகு சேஸிஸில் எர்த் இணைப்பு.]

சக்கரத்துக்குப் போகும் முன் மின்சாரத்தைப் பார்த்துவிடலாம். ஃபியூஸைக் கழற்றி, அதன் காலில் பச்சைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் வோல்ட் சரியாக இருப்பது போதாது, ஈ.சி.யு.வின் கனெக்டர் வரை அது வந்து சேர வேண்டும். உள்ளே ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சிய வயரில்கூட மல்டிமீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதனால் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்து எரியவிட்டு அளந்து பாருங்கள். பல்பு மங்கினாலோ வோல்ட் சரிந்தாலோ வயரிலோ எர்த்திலோ குறை இருக்கிறது.

[காட்சி: சக்கரம் ஜாக்கியில், பின்புறம் சென்சார் நெருக்கத்தில்.]

இனி பெரும்பாலான கோளாறுகள் குடியிருக்கும் இடத்துக்கு வருவோம். ஹப்பில் ஒரு பல் வளையம் இருக்கும். பெரும்பாலும் 100 பற்கள். அதற்கு எதிரே காந்தமும் கம்பிச் சுருளும் அடங்கிய விரல் பருமனான சென்சார், ஒரு ஸ்பிரிங் உறையின் பிடியில் நிற்கும். அதை இறுக்க போல்ட் எதுவும் இல்லை. கையால் பல் வளையத்தைத் தொடும்வரை தள்ளிவிட வேண்டும். சக்கரம் சுழலும்போது வளையமே அதைத் தேவையான அளவு பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். இடைவெளி 0.7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிக்னல் பலவீனமாகிவிடும். சுத்தியலால் தட்டியோ நெம்புகோல் போட்டோ தள்ளாதீர்கள், முனை உடைந்துவிடும். கையால் நகரவே இல்லை என்றால் துரு இறுகியிருக்கிறது. உறையையும் சேர்த்து மாற்றுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுங்கள். பின்சக்கரம் என்றால் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால்தான் சுழலும். இக்னிஷனை அணைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, இரு முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். தயாரிப்பைப் பொறுத்து ஏறத்தாழ 900 முதல் 2500 வரை இருக்கலாம். எந்த முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். குறைந்தது 0.2 வோல்ட் வர வேண்டும். ஓம் சரியாக இருந்தும் வோல்ட் வராவிட்டால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். இடைவெளியும் பல் வளையமும்தான் அடுத்த சந்தேகம். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் வோல்ட் விழுந்தால் அங்கே பல் உடைந்தோ துரு அடைத்தோ இருக்கும், அல்லது வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கும். உள்ளே தள்ளிய சென்சார் சில நாட்களில் மீண்டும் பின்வாங்கினால், வீல் பேரிங்கின் ஆட்டத்தை அளந்து பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

விளக்கு எரியாமலேயே வரும் ஒரு தொல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். சுழற்சி குறையக் குறைய இந்தச் சென்சாரின் வோல்ட்டும் குறையும். இடைவெளி அதிகமான சக்கரத்தில் சிக்னல் மற்றவற்றுக்கு முன்பே மறைந்துவிடுவதால், அது பூட்டிக்கொண்டது என்று ஈ.சி.யு. எண்ணி அதன் பிரேக் காற்றை விட்டுவிடும். உலர்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போது ஒரு பக்கத்தில் காற்று விட்டுவிட்டுச் சீறுவதும், வண்டி கடைசி அடியில் நிற்க மறுப்பதும் இதனால்தான்.

ஈ.சி.யு. சொல்படி பிரேக் காற்றை விடும் மாடுலேட்டர் வால்வு பழுதாவது ஒப்பீட்டில் குறைவு. எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருவர் இக்னிஷனைப் போட, மற்றவர் வால்வின் அருகே காதை வைத்துக் கேட்டால், பல வண்டிகளில் சோதனையின்போது ஒவ்வொரு வால்வும் முறையாகத் தட்டும் ஒலி கேட்கும். ஒலிக்காத வால்வின் கனெக்டரை முதலில் சுத்தம் செய்யுங்கள். அளவு மாறிய டயர்களைக் கலந்து போட்டிருந்தாலும் விளக்கு எரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஈ.சி.யு.வை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே சந்தேகியுங்கள். சேஸிஸில் மின் வெல்டிங் செய்யும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிவிடுவது அதைக் காப்பாற்றும்.

[காட்சி: காலி மைதானத்தில் லாரி மெதுவாக நகர்கிறது.]

வேலை முடிந்ததும் நின்ற இடத்தில் விளக்கு அணையவில்லை என்று மீண்டும் பிரிக்கத் தொடங்காதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வண்டியை மெதுவாக நகர்த்தி விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிறகு சில முறை மென்மையாகப் பிரேக் பிடித்து, வால்வுகளில் காற்று சீறுகிறதா என்று கேளுங்கள், பிரேக் பிடிக்கும்போது சீறக் கூடாது. விளக்கு திரும்ப வந்து அதே குறியீட்டைக் காட்டினால், சென்சாரிலிருந்து ஈ.சி.யு. வரையிலான வயரை, ஸ்டீயரிங்கோடு வளையும் பகுதியிலிருந்து தொடங்கி, அசைத்து அசைத்து அளந்து பாருங்கள்.