விளக்கு எரிந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். அங்கே தரைக்கு அடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, எஸ்.டி.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அதில் சுத்தமாகும் தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. கடைசிக் கட்டத்தில் ஓர் எஃகுக் குழாய், அதற்குள் கிருமிகளை அடக்கப் புற ஊதா விளக்கு. "லைட் நல்லா எரியுது சார், பாருங்க" என்றார் ஆபரேட்டர் தம்பி. உள்ளே பார்ப்பதற்காகக் குழாயில் பதித்த கண்ணாடிக்கு அப்பால் அழகான இளநீல ஒளி தெரிந்தது. ஆனால் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமிகள் விளக்குக்கு முன்னால் எவ்வளவு இருந்தனவோ, ஏறக்குறைய அவ்வளவும் விளக்கைத் தாண்டியும் இருந்தன.

அன்று மாலை தோட்டக்காரர் அதே தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். வெறுங்கை, வெறுங்கால். பக்கத்துப் புல்தரையில் குழந்தைகள். அந்தக் காட்சிதான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

முதலில், நாம் கண்ணால் பார்க்கிற நீலம் கிருமியை ஒன்றும் செய்யாது. பாதரச ஆவி விளக்கிலிருந்து வேலை செய்வது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி; அது நம் கண்ணுக்குத் தெரியாது. சூரியனிலும் அந்த ஒளி உண்டு. ஓசோன் படலம் அதைத் தடுத்துவிடுவதால் தரைக்கு வருவதில்லை. கிருமியின் மரபணு இழையில் தைமின் என்ற மூலக்கூறுகள் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒளி பட்டதும் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் இரண்டு ஒட்டிக்கொள்கின்றன. பேண்ட் ஜிப்பில் இரண்டு பல் ஒட்டிப்போனால் அதற்கு மேல் ஓடாதல்லவா, அப்படி. இழையைப் பிரதி எடுக்க முடியாத கிருமி பெருக முடியாது. பெருகாத கிருமி நம் உடம்புக்குள் போனாலும் நோயாக வளராது.

இது புதுச் சங்கதி இல்லை. வெயில் பட்டால் பாக்டீரியா வளர்வதில்லை என்று 1877லேயே டவுன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் காட்டிவிட்டார்கள். 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீருக்கே இந்த விளக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கிய கிரிப்டோஸ்போரிடியம், குளோரினுக்கு அசையாத கிருமி. அதுவும் புற ஊதாவுக்கு எளிதில் அடங்குகிறது என்பது பின்னால் தெரியவந்தது.

சரி, இவ்வளவு வல்ல விளக்கு நம் குடியிருப்பில் ஏன் தோற்றது? விளக்கை நேரடியாகத் தண்ணீரில் வைப்பதில்லை. குவார்ட்ஸ் உறை ஒன்றுக்குள் வைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் விழுங்காது. அந்த உறையை வெளியே எடுக்கச் சொன்னேன். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியுமே வெள்ளைப் பொருக்கு, அதே பொருக்கு, மேலே பழுப்பு வழவழப்பு. எரிகிற விளக்கின் சூட்டில் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பும் இரும்பும் உறையில் படிந்திருந்தன. நிலையம் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அதைக் கழற்றவில்லையாம். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்தோம். கண்ணாடி பளிச்சென்று ஆனது. கிருமி குறைந்தது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. தண்ணீரே கலங்கல். நல்ல குடிநீரில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் இந்த ஒளியில் நூற்றுக்கு 95 பங்கு மிஞ்சும். ஓரளவு நன்றாகச் சுத்திகரித்த கழிவுநீரிலேயே 65 பங்குதான். அடுத்த சென்டிமீட்டரில் அது 42 ஆகும். ஐந்தாவதில் 12கூடத் தேறாது. மிதக்கும் துகள் இருந்தால் கிருமி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், நிழல் போதும் அதற்கு. ஆகவே முன்னால் இருக்கிற மணல் வடிகட்டியைச் சரிசெய்யாமல் விளக்கைத் திட்டிப் பயனில்லை. வடிகட்டியைக் கழுவி, அதன் மணலை மாற்றிய பிறகுதான் முடிவு ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 100 மில்லி நீரில் 1000க்குள் என்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கை சொல்லும் வரம்பு.

விளக்குக்கும் வயதுண்டு. பெரும்பாலானவை 9,000 முதல் 12,000 மணி நேரம் உழைக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரவும் பகலும் எரிந்தால் வருடம் ஒன்று, மிஞ்சினால் அதற்கு மேல் நான்கு மாதம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், அதுதான் ஏமாற்றுகிறது.

குளோரினையே போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கழிவுநீரில் மிஞ்சியிருக்கும் அம்மோனியாவோடும் கரிமப் பொருளோடும் சேர்ந்து அது வேறு வேதிப்பொருள்களாக மாறும்; ஏரியில் விட்டால் மீனுக்கு ஆகாது. புற ஊதா ஒளி தண்ணீரில் எந்த வேதிப்பொருளையும் மிச்சம் வைப்பதில்லை. அந்த நன்மையே இன்னொரு பக்கம் குறையும்கூட: தொட்டியில் நாள்கணக்கில் தேக்கினால் கிருமி மறுபடி தலையெடுக்கும். திறந்த தொட்டியில் வெயில் பட்டால், அடிபட்ட பாக்டீரியாக்களில் சில அந்த வெளிச்சத்தைக் கொண்டே தம்மைச் சரிசெய்துகொள்ளும். 1949இல் ஆல்பர்ட் கெல்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை வெளியிட்டார். தொட்டியை மூடிவையுங்கள், அன்றன்றைய தண்ணீரை அன்றன்றே பயன்படுத்துங்கள்.

ஆபரேட்டர்களாக வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தக் குழாயைத் திறக்காதீர்கள். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரத்தில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பழைய விளக்கை உடைத்துக் குப்பையில் போடவேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது.

அந்தக் குடியிருப்பில் இப்போது எஸ்.டி.பி. சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. உறை துடைத்த தேதி, விளக்கு மாற்றிய தேதி, ஆய்வு முடிவு என்று மூன்று பத்தி. தோட்டக்காரருக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குடியிருப்பிலும் கீழே இறங்கிப் போய், அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.

வணக்கம்.