டாக்டர் அறையில் வாயைத் திறக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். அரை நாள் காத்திருந்தாலும், டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் பேசிவிடுகிறோம், பேச வேண்டியதை விழுங்கிவிடுகிறோம்.

முதலில் பி.பி. பார்க்கிற இடம். கையில் பட்டை கட்டிக் காற்று ஏற்றும்போது பேசினால் அளவு 10 புள்ளி வரை கூடிக் காட்டும். 138 இருப்பவருக்கு 148 என்று பதிவாகி, வேண்டாத மாத்திரை சேரும். படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். 5 நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம், பாதம் தரையில் படட்டும். கை, நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். சிறுநீர் முட்டினாலும் அளவு ஏறும், போய்விட்டு வாருங்கள். காபி, பீடி எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

கூட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்பார். "நெஞ்சு வலிங்க சார்" என்று மகன் முந்திக்கொள்வார். அம்மாவுக்கு வலி என்பதே இல்லை. நாலு படி ஏறினால் நெஞ்சில் பாரம் வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும், நின்றால் போய்விடும். அந்த "நின்றால் போய்விடும்" என்ற சொல்தான் இதய ரத்தக்குழாய் அடைப்பா என்று டாக்டரை யோசிக்க வைக்கும். அம்மா சொல்லி முடிக்கட்டும். விட்டுப்போனதைப் பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் "போடறேங்க" என்கிறோம். சர்க்கரை மாத்திரை தீர்ந்தே இருபது நாள் ஆகியிருக்கும். சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டுவார். அதை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி மயக்கம் வரும். திட்டுவாரே என்றுதான் மறைக்கிறோம். திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, முன்பு எந்த ஊசிக்கு உடம்பு தடித்தது, இதையும் விடாதீர்கள்.

என்ன வேலை என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவருக்கு இருமல் என்றால் புகையிலைத் தூளையும் யோசிக்க வேண்டும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் பதனிடுகிறவர் கையில் அரிப்பு என்றால் பதனிடுகிற ரசாயனத்தில் உள்ள குரோமியம் காரணமாக இருக்கலாம். அது தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் எந்தக் களிம்புக்கும் அரிப்பு நிற்காது.

ஆபரேஷன் அன்று காலையில் ஒரு வாய் பால் டீ குடித்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். பொதுவாகப் பால் டீக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உள்ளே போகும்போது "பேர் என்ன, எந்தக் கால்?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தலையை ஆட்டாமல் "இடது முட்டி" என்று வாயால் சொல்லுங்கள், எத்தனை தடவை கேட்டாலும்.