அண்ணனின் ஒரு துளி ரத்தம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் மஞ்சள் பையுடன் என்னைப் பார்க்க வந்தார். பைக்குள் அவருடைய அண்ணனின் மருத்துவச் சீட்டுகள், முழங்கால் எக்ஸ்ரே, ஃபேக்டர் ஊசி போட்ட தேதிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அண்ணன்தான் இல்லை. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா அவரைக் கொண்டுபோயிருந்தது. அம்மாவும் காலமாகிவிட்டார். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது டாக்டர், என் பிள்ளைக்கும் இது வருமா?" என்று கேட்டுவிட்டு, தன் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் அளவு 72 சதவீதம். 'நார்மல், கவலை வேண்டாம்' என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த 'நார்மல்' என்ற சொல் எத்தனை குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது என்பதை நான் அறிவேன். ஃபேக்டர் 8-ஐச் செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பிழை இருந்தால் நோய். பெண்ணுக்கு இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று உறங்கிவிடும். எது உறங்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அதனால் கேரியரான, அதாவது பிழையுள்ள எக்ஸ் ஒன்றைச் சுமக்கும் ஒருவருக்கு 30 சதவீதம் இருக்கும், இன்னொருவருக்கு 90 இருக்கும். கர்ப்பகாலத்தில் அந்த அளவு இன்னும் ஏறும். அளவு சரியாக இருப்பதால் ஒருவர் கேரியர் இல்லை என்று ஆகிவிடாது.

அப்போது எங்கள் கையில் இருந்தது மரபணு அடையாள முறை. ஊரில் வழி கேட்டால், 'புளியமரத்தை ஒட்டிய வீடு' என்போமே, அதைப் போன்றது. வீட்டுக்குள் என்ன பழுது என்று தெரிய வேண்டியதில்லை, மரம் தெரிந்தால் போதும். ஃபேக்டர் 8 மரபணுவுக்குள்ளேயே அப்படி ஒரு மரம் உண்டு. பிசிஎல்-1 என்ற நொதி சிலருடைய மரபணுவை அந்த இடத்தில் வெட்டும், சிலருடையதை வெட்டாது. வெட்டாவிட்டால் 142 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரே துண்டு கிடைக்கும். வெட்டினால் 99, 43 என்று இரண்டாகும். அம்மாவுக்கு இரண்டு வகையும் இருக்கிறது, நோயுள்ள மகனுக்கு 99 மட்டும் என்றால், அந்தக் குடும்பத்தில் பழுது 99 இருக்கும் எக்ஸில்தான் இருக்கிறது. அப்பாவின் எக்ஸ் 142 என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் 99 தெரிந்தால் அது அம்மா கொடுத்தது, அவள் கேரியர். 142 மட்டும் தெரிந்தால் நல்ல எக்ஸ் அவளுக்கு வந்திருக்கிறது. அம்மாவின் இரண்டு எக்ஸும் ஒரே வகையாக இருந்தால் இந்த மரம் உதவாது. வேறு மரம் தேட வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு நோயுள்ளவரின் ரத்தம் வேண்டும். மஞ்சள் பையில் இருபது வருடக் காகிதம் இருந்தது, அண்ணனின் ஒரு துளி ரத்தம் இல்லை. என்னால் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அது இன்றும் என்னை வருத்துகிறது.

இன்று பிழையையே நேராகத் தேடலாம். ஃபேக்டர் 8 குறைவால் வருவது ஹீமோபிலியா ஏ. அது கடுமையாக உள்ளவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு, மரபணுவின் 22-ஆம் இன்ட்ரானில் (புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதியில்) ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும். முதலில் அதைப் பார்க்கிறோம். இல்லாவிட்டால் மரபணு முழுவதையும் படிக்கிறோம். இதிலும் நோயுள்ள பையனிடம் தொடங்குவதுதான் நல்லது. அவனிடம் பிழை இன்னதென்று தெரிந்துவிட்டால், அக்கா, தங்கை, சித்தி எல்லோருக்கும் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். ஆகவே பெற்றோரே, உங்கள் மகன் நலமாக இருக்கும்போதே அவனுடைய டிஎன்ஏவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாமியார்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்தில் இந்த நோய் முன்பு இருந்ததே இல்லை. பிழை புதிதாகத் தோன்றியது. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஹீமோபிலியா உள்ள தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிவைக்க நினைப்பவர்கள், அந்தப் பெண் கேரியரா என்று முதலில் பாருங்கள். கேரியர் என்றால், பிறக்கும் பெண் குழந்தைக்கே முழு நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

கேரியர் என்று தெரிந்த பெண் கருவுற்றால், மகப்பேறு அட்டையின் முதல் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்தில் வாக்குவம், ஆயுதம் வைத்துக் குழந்தையின் தலையை இழுப்பதைத் தவிர்ப்பார்கள். பிறந்தது ஆண் என்றால், தொடையில் ஊசி போடுவதற்கு முன்பே தொப்புள்கொடி ரத்தத்தில் ஃபேக்டர் அளவைப் பார்த்துவிடுவார்கள்.