துரையும் கணக்கப்பிள்ளையும்

நேயர்களுக்கு வணக்கம். ஜனாதிபதி, பிரதமர் இருவரில் அதிகாரம் யார் கையில் என்பதுதான் இன்றைய பேச்சு. கேரளத்தின் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்திலும் கவி ஏலத்தோட்டத்திலும் இருந்து இதைக் கேட்கும் பலருடைய குடும்பங்கள் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவை. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அங்கே ஆட்சி பிரதமர் கையில் இருந்தது. 1978-ல் ஜே.ஆர். ஜெயவர்தனா கொண்டுவந்த அரசியலமைப்பு அதை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியிடம் மாற்றியது. பிரதமரும் இருக்கிறார், அவருக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையும் வேண்டும்.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்குப் பிரான்ஸ்தான் முன்னோடி. இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தால் பிரதமர், தோட்டத்து மேலாளரான துரைக்குக் கணக்கப்பிள்ளை மாதிரி, சொன்னதைச் செய்பவர். சிக்கல் வருவது கட்சி மாறும்போதுதான். 1986-ல் மித்தரான் ஜனாதிபதி, எதிரணியின் சிராக் பிரதமர். அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கும் அவசர ஆணையில் கையெழுத்துப் போட மித்தரான் மறுத்தார். சிராக் அதையே நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றிக்கொண்டார். ஆக, ஜனாதிபதியின் பலத்தை அரசியலமைப்பைப் படித்து மட்டும் அளக்க முடியாது. கடைசியாக நடந்த நாடாளுமன்றத் தேர்தல் முடிவையும் பார்க்க வேண்டும்.

நம் குடியரசுத் தலைவர் கதை வேறு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன மத்திய அமைச்சரவையின் பரிந்துரையை, நம் கேரளத்து உழவூர்க்காரர், அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை விட்டுவிட்டது. மீண்டும் அனுப்பியிருந்தால் அவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

இலங்கையில் அப்படி இல்லை. 2003 நவம்பரில் பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருந்த நேரம் பார்த்து, ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்நாட்டு அலுவல், ஊடகம் மூன்று அமைச்சுகளையும் தன் கையில் எடுத்தார். விடுதலைப் புலிகளுடன் அமைதி முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. அதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இருந்தது. செய்திருக்க வேண்டுமா என்றால், கூடாது என்பேன்.

2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேனா, மறுபடி பிரதமராக இருந்த ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்தப் பதவியில் நியமித்தார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை என்றதும் அதையே கலைத்தார். நாலரை ஆண்டு முடியாமல் ஜனாதிபதி தானாகக் கலைக்க முடியாது என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ரணில் மறுபடி பதவியேற்றார். 2020 வரை நடைமுறையில் இருந்த அந்த நாலரை ஆண்டு விதி, 2015-ல் அரசியலமைப்பின் 19-வது திருத்தத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்தது சிறிசேனாவின் ஆட்சியேதான்.