எண்ணுக்குப் பசி தெரியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "நாட்டு நடப்பை உள்ளபடி உணர்த்துவது அன்றாட அனுபவமா, புள்ளிவிவரமா?" என்ற தலைப்பில், புள்ளிவிவரமே என்று வாதிட வந்திருக்கும் புள்ளியியலாளர் நான். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "எண்ணுக்குப் பசி தெரியாது" என்று ஒரே வரியில் சொல்லி இந்த அரங்கின் கைதட்டலை அள்ளிச் சென்றார். தேர்தல் கணிப்புகளைப் பற்றியும் விலைவாசிக் குறியீட்டைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அவற்றை ஒதுக்கிவிட்டு இந்த வரிக்கே பதில் சொல்கிறேன்.

1934 ஜனவரியில், கட்சி மாநாட்டு மேடையில் நின்று, சோவியத் ஒன்றியத்தின் மக்கள்தொகை 16 கோடியே 80 லட்சமாக உயர்ந்துவிட்டது என்று ஸ்டாலின் அறிவித்தார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும், விளைந்த தானியத்தை அரசிடம் பறிகொடுத்த உழவர்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் மடிந்திருந்தார்கள். அப்படி ஒரு பஞ்சம் நடந்ததாகவே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1937 ஜனவரி 6 அன்று, ஒரே இரவில், நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கூட்டிப் பார்த்தபோது கிடைத்த தொகை 16 கோடியே 20 லட்சம்.

மறுபடியும் சொல்கிறேன், அவையோரே. தலைவர் அறிவித்தது 16 கோடியே 80 லட்சம். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அத்தனை குழந்தைகள் பிறந்த பிறகும், எண்ணிப் பார்த்தால் 60 லட்சம் குறைகிறது. தம் தெருவில் யார் பட்டினியில் செத்தார்கள் என்பது ஒவ்வொரு கிராமத்தாருக்கும் தெரியும். சகோதரி போற்றும் அனுபவம் அவர்களிடம் நிறையவே இருந்தது. ஆனால் "உங்கள் ஊரில் மட்டும்தான் அப்படி" என்று ஓர் அதிகாரி அதட்டினால் அந்த அனுபவம் அந்தத் தெருவோடு அடங்கிவிடும். கணக்கெடுப்புதான் அத்தனை தெருக்களின் இழப்பையும் ஒன்றாகக் கூட்டியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாது என்று அறிவித்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த க்விட்கினும் புள்ளிவிவரத் துறையின் தலைவர் கிராவலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1939-இல் மீண்டும் எண்ணி, 17 கோடி என்று வெளியிட்டார்கள். பழைய தாள்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆவணக் காப்பகத்தில் பூட்டிக் கிடந்தன. பசி தெரியாத எண்ணைக் கண்டு அத்தனை வலிமை வாய்ந்த ஓர் அரசு எதற்காக அஞ்ச வேண்டும் என்று சகோதரிதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 விழுக்காட்டினரும் நகரங்களில் 50 விழுக்காட்டினரும் மானிய விலைத் தானியம் பெறலாம் என்கிறது. 2011-இல் நாம் 121 கோடிப் பேர். அந்தக் கணக்கின்படி 81.35 கோடிப் பேர் என்று உச்சவரம்பு வகுக்கப்பட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், பின்னர் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில்தான் அறிவிக்கப்பட்டது. இன்று 140 கோடிப் பேர் என்று கொண்டால், அதே விகிதத்தில் ஏறத்தாழ 94 கோடிப் பேருக்கு அந்தத் தானியம் சேர வேண்டும். நகரங்கள் பெருகியிருப்பதால் இது சற்றுக் குறையலாம். அப்படியும் இடைவெளி சில கோடிகளைத் தொடும். அரிசி மூட்டை வந்திறங்குவது பட்டியலில் இருக்கும் எண்ணிக்கைக்குத்தான். எண்ணப்படாதவருக்கு எந்தக் கிடங்கிலும் பங்கு இல்லை.

தேநீர்க் கடையில் நின்றாலே நாடு புரிந்துவிடும் என்றும் சகோதரி சொன்னார். தேநீர் வாங்கக் காசில்லாதவர் அந்தக் கடைக்கு எப்படி வருவார்?

2011 பிப்ரவரி 28 இரவு நடந்ததை மட்டும் சொல்லி அமர்கிறேன். அன்றிரவு கணக்கெடுப்பாளர்கள் நடைபாதைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் மேம்பாலங்களின் அடிப்பகுதிகளுக்கும் சென்று, வீடில்லாத மனிதர்களைத் தேடித் தேடி எண்ணினார்கள். 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அதற்கு முன் யாராவது வந்து பெயரையும் வயதையும் கேட்டிருப்பார்கள்? முகவரி இல்லாத ஒரு தாயையும் அவள் மடியில் இருந்த குழந்தையையும் இந்த நாட்டின் மனிதர்களாகத் தாளில் எழுதிக்கொண்ட அந்தக் கைகளுக்குப் பசி தெரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், சகோதரி. நடுவர் அவர்களே, அந்தத் தாயும் குழந்தையும் நிற்கும் பக்கமே உங்கள் தீர்ப்பும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.