மலை இறங்கும் வண்டிக்குப் பின்னாலும் டிஸ்க் வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் முப்பது வருடமாக பிரேக் வேலை பார்க்கிறேன். ஊட்டி, கேத்தி பக்கமிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வண்டியை விட்டார். குன்னூர் இறக்கத்தில் பர்லியார் தாண்டியதும் பிரேக் பெடல் உள்ளே இறங்குகிறதாம், தீய்ந்த வாடை வருகிறதாம். "பின்னாடியும் டிஸ்க் மாத்திடலாமுங்களாண்ணா? எவ்வளவு ஆனாலும் பரவால்லீங்க" என்றார். பின்னால் இருந்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடச் சொல்கிறார். பயந்திருந்தார். வீட்டில் கைக்குழந்தை. இந்தக் கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். குன்னூர் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 325 மீட்டரில். பாரத்தோடு 3 டன் எடையுள்ள வண்டி அந்த 1,400 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு ஏறத்தாழ 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒன்பது குடத்துக்கு மேல்! கியர் தாங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கினால் காற்று தடுப்பது போக மிச்சம் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். அதே மலையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயிலே பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது.

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம். உள்ளே ஷூ என்ற வளைந்த கட்டைகள், அவற்றின் மேல் லைனர் என்ற உராய்வுப் பட்டை; மிதித்தால் இவை உள்ளிருந்து விரிந்து டிரம்மைப் பிடிக்கும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு. காலிபர் என்ற கவ்வி இரு பக்கமும் பேட் வைத்து அதை நெரிக்கும். டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் லைனரை விட்டு விலகும், பெடல் ஆழமாகப் போகும். டிஸ்க் சூடேறினால் தடித்து பேடை நோக்கி வரும், காற்றும் நன்றாகப் படும், தண்ணீரில் இறங்கி ஏறினாலும் சீக்கிரம் காயும். இதெல்லாம் உண்மை. டிஸ்க் நல்ல சாமான். ஆனால் தம்பியின் வண்டிக்கு அதை மாற்றித் தர நான் சம்மதிக்கவில்லை.

பிக்கப்பின் பின் ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சு, ஒரு விசித்திரமான இடம். காலியாக இருக்கும்போது அங்கே எடையே இருக்காது, மூட்டை ஏறினால் பாதிக்கு மேல் பாரம் அங்கேதான் உட்காரும். அதனால் பல வண்டிகளில் சேஸ் என்ற அடிச்சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி போட்ட வால்வு இருக்கும். பாரம் ஏறி பாடி தாழ்ந்தால் பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும், காலியானால் குறைத்துவிடும். கம்பெனி அதை அந்த டிரம்முக்கென்றே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. டிரம்மில் முன் ஷூ சக்கரம் சுற்றும் திசையில் தானாகவே இழுபட்டு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதற்கு வேறு அழுத்தம், வேறு அளவு ஆயில், சில நேரம் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரே வேறு வேண்டும். காலிபரை மட்டும் வாங்கி மாட்டினால் அந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும்.

வேறெங்கோ அப்படி மாற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. பின்னால் ஏதோ கார் காலிபர். பாரம் பார்க்கும் வால்வை அடைத்து வைத்திருந்தார்கள். மூட்டையோடு போனால் பிரேக் சுமார், காலியாகத் திரும்பும்போது ஈர ரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். ஹேண்ட் பிரேக்கைக் காணவே காணோம். கேபிள் இழுப்பது டிரம்முக்குள் இருக்கும் ஷூவைத்தானே? டிரம் போனால் அதுவும் போச்சு. டயருக்கு அடியில் கல் வைத்துவிட்டுத்தான் அந்த டிரைவர் டீ குடிக்கப் போவார். சரிவில் நிற்கும் வண்டிக்கு ஒரு கல்லா காவல்?

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்பதைக்கூட விடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஆக்ட்ராஸ் லாரி 1996-இலேயே எல்லாச் சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்தது. ஆனால் அது தொடக்கத்திலிருந்தே அப்படி வடிவமைத்த வண்டி, பிரேக்கை மின்னணு முறையில் பங்கிட்டுக் கொடுக்கும் வண்டி. அமெரிக்காவில் 2009-இல் டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் லாரிகளுக்கு ஒரு விதி போட்டார்கள்: மணிக்கு 60 மைல் வேகத்தில் 355 அடியில் நின்றது இனி 250 அடியில் நிற்க வேண்டும். பல கம்பெனிகள் இன்னும் பெரிய டிரம்மைப் போட்டே அதைச் சாதித்தன. பழைய சாமான் என்று டிரம்மை அவர்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம். பின் டிரம்மைக் கழற்றினோம். இடது பக்கம் ஆக்சில் ஆயில் சீல் கசிந்து லைனர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது, விரல் வைத்தால் வழுக்கியது. வலது பக்க லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்தது, அதற்கும் பிடிப்பில்லை. தேய்மானத்துக்குத் தக்கபடி ஷூவைத் தள்ளிக் கொடுக்க வேண்டிய அட்ஜஸ்டர் பல்சக்கரம் துருவேறி அசையவே இல்லை. டிரம் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு மேடு. நாலு சக்கரத்தில் உண்மையாக வேலை செய்தது முன்னால் இரண்டுதான். முன்னால் இருந்ததோ ஏற்கெனவே டிஸ்க்! பின்னால் இருந்த வேலையையும் சேர்த்துச் சுமந்து அதுதான் தீய்ந்தது.

அப்புறம் பிரேக் ஆயில். டப்பாவில் காப்பி டிகாஷன் நிறம். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 டிகிரி தாங்கினாலே அது தரக்கணக்கில் தேறிவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். தம்பிக்கு நடந்தது அதுதான். பின்னால் டிஸ்க் போட்டிருந்தாலும் அதே ஆயில்தானே ஓடியிருக்கும்?

புது சீல் போட்டோம், இரண்டு பக்கமும் லைனர் மாற்றினோம். டிரம்மை லேத்தில் கடைந்தோம். டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் கடையக் கூடாது, புதுசுதான் வாங்க வேண்டும். நல்லவேளை, இது தாண்டவில்லை. அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து கையால் சுற்றிப் பார்த்தோம். முன்பக்க பேடும் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். டிஸ்க்குக்கு அவர் வைத்திருந்த பணத்தில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மறுநாள் நானும் அவரோடு குன்னூர் ஏறினேன். கேரட் மூட்டையோடு இரண்டாவது கியரில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு பெடலை அழுத்திவிட்டு உடனே விடச் சொன்னேன், மிதித்தபடியே வரவேண்டாம் என்றேன். கல்லாறில் ஓரங்கட்டி நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து மோந்து பார்த்தோம். ஈரமண்ணும் கேரட்டும்தான் மணத்தது. நன்றி, வணக்கம்.