திடீர்னு ஃப்ரீஸ் ஆகுற லினக்ஸ் டெஸ்க்டாப்: ஹார்ட்வேரா, சாஃப்ட்வேரா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, கொஞ்சம் பெரிய கேள்வி, நான் சுருக்கிச் சொல்றேன். டெஸ்க்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டிருக்காங்க, நல்லா ஓடிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுடுது, மவுஸ் நகரல, கீபோர்டு வேலை செய்யல, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணாத்தான் உண்டு. சில நேரம் நிக்காம தானாவே ரீஸ்டார்ட்டும் ஆகுதாம். ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாத்துட்டாங்க, அப்புறம் உபுண்டுக்கு மாறியும் பாத்துட்டாங்க, அதே கதைதான். இப்ப ரேம் மாத்தணுமா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணுமா, இல்ல லினக்ஸே என் மெஷினுக்கு ஒத்து வராதான்னு கேக்குறாங்க.

சிஸ்டர், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, எதையும் மாத்தாதீங்க, இன்னொரு தடவ ரீஇன்ஸ்டாலும் பண்ணாதீங்க. ஏன்னா லினக்ஸ்ல ஒரு பிரச்சனை வந்தா அது பெரும்பாலும் எங்கயாவது எழுதி வச்சிருக்கும், நாம அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணும்போது அந்த லாக் எல்லாம் சேந்து அழிஞ்சு போயிடுது, அப்புறம் மறுபடியும் பிரச்சனை வரும்போது நம்ம கையில ஒண்ணுமே இருக்காது. இன்னொரு விஷயம், மின்ட்ல இருந்து உபுண்டுக்கு மாறுனது பெரிய டெஸ்ட்டே இல்ல, ஏன்னா மின்ட்டே உபுண்டு மேலதான் கட்டியிருக்காங்க, மின்ட் 22ன்னா அது உபுண்டு 24.04, உள்ள இருக்குற கெர்னலும், அதாவது ஹார்ட்வேரோட நேரா பேசுற ஓஎஸ்ஸோட மையப் பகுதியும், டிரைவரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கெர்னல்ல ஒரு பக் இருந்தா ரெண்டுலயும் அதே மாதிரிதான் நிக்கும். மாத்திப் பாக்கணும்னா ஃபெடோரா மாதிரி வேற குடும்பத்துல, கெர்னல் புதுசா இருக்குற ஒண்ண லைவ் யூஎஸ்பில போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே சில மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அதுலயும் நின்னா சந்தேகம் ஹார்ட்வேர் பக்கம் நல்லாவே சாயும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்கிரீன் நின்னுடுச்சுன்னா மெஷினே நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அடியில கெர்னல் இருக்கு, அதுக்கு மேல டிஸ்ப்ளேயப் பாத்துக்குற எக்ஸ் இல்லன்னா வேலாண்ட் இருக்கு, அதுக்கு மேலதான் நீங்க பாக்குற டெஸ்க்டாப். மேல இருக்குறது மட்டும் நின்னுருந்தாலும் உங்களுக்கு எல்லாமே போயிட்ட மாதிரிதான் தெரியும். அதனால அடுத்த தடவ நிக்கும்போது பவர் பட்டனுக்குக் கை போகக் கூடாது. ரெண்டு நிமிஷம் சும்மா விடுங்க, கேபினட்ல ஹார்ட் டிஸ்க் லைட் விடாம எரியுதான்னு பாருங்க, எரிஞ்சுட்டே இருந்தா ரேம் தீந்து போய், ரேமுக்குப் பதிலா டிஸ்க்ல ஒதுக்கி வச்ச ஸ்வாப்ல மாட்டிக்கிட்டு தவிக்குதுன்னு சந்தேகப்படலாம், பிரவுசர்ல டேப் நிறைய திறந்து வச்சிருந்தீங்கன்னா இது ரொம்ப சகஜம். அடுத்து கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்துங்க. கருப்பு ஸ்கிரீன்ல லாகின் கேட்டா சந்தோஷம், கெர்னல் உயிரோட இருக்கு, அங்கயே லாகின் பண்ணி டாப் கமாண்ட் போட்டு எது ரேமையும் சிபியூவையும் சாப்பிடுதுன்னு பாக்கலாம், இல்ல சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம்னு அடிச்சா மின்ட்ல டிஸ்ப்ளே மட்டும் புதுசா ஆரம்பிக்கும், உபுண்டுன்னா லைட்டிஎம் இடத்துல ஜிடிஎம். ஆனா திறந்து வச்சிருந்த ப்ரோகிராம் எல்லாம் மூடிடும், சேவ் பண்ணாதது போயிடும், அத மனசுல வச்சுக்கோங்க.

கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3-யும் வேலை செய்யலன்னா, இன்னொரு வழி இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. கீபோர்டுல பிரின்ட் ஸ்கிரீன் பட்டன் இருக்குல்ல, அதுலயே சிஸ்ஆர்க்யூன்னு சின்னதா எழுதியிருக்கும். ஆல்ட்டையும் அதையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா எஸ், அப்புறம் யூ, அப்புறம் பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு செகண்ட் விட்டு அழுத்துங்க. எஸ்னா மெமரில இருக்குறத டிஸ்க்ல எழுதிடு, யூன்னா டிஸ்க்க எழுத முடியாத மாதிரி ரீட்ஒன்லியா மாத்திடு, பி-ன்னா உடனே ரீபூட் பண்ணு. இத நேரா கெர்னலே கேட்டுக்கும், டெஸ்க்டாப் வழியா போறதே இல்ல. நெட்ல ஆர் ஈ ஐ எஸ் யூ பின்னு ஆறு எழுத்து சொல்லுவாங்க, உபுண்டுல டீஃபால்ட்டா இந்தக் கடைசி மூணு வேலை செய்யுற மாதிரிதான் வச்சிருக்காங்க, நமக்கு அது போதும்.

இதுல ரெண்டு லாபம் இருக்கு. ஒண்ணு, பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணும்போது லாக்கோட கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே போயிடலாம், நமக்கு வேணுங்கறதே அந்தக் கடைசி வரிகள்தான், எஸ் அழுத்துனா அது எழுதப்பட வாய்ப்பு அதிகம். ரெண்டாவது, பி அழுத்துனதும் மெஷின் ரீபூட் ஆச்சுன்னா கெர்னல் அதுவரைக்கும் உயிரோட இருந்துச்சுன்னு அர்த்தம், அப்ப சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேலயோ, ரேம் பத்தாமப் போனது மேலயோ, டிஸ்க் மேலயோ போகும். பிக்கும் அசையலன்னா அடியோட நின்னுருக்கு, அங்கதான் ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு, சிபியூன்னு யோசிக்கணும், சில மோசமான டிரைவர் பக்கும் இப்படி நிறுத்தும், அதையும் மறந்துடக் கூடாது.

சரி, மறுபடி பூட் ஆயிடுச்சு. வேற எந்த வேலையும் பாக்காம டெர்மினல் திறங்க. ஜர்னல்சிடிஎல்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் பி, இன்னொரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் 1, இன்னொரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஈ. மைனஸ் பி மைனஸ் 1-னா இதுக்கு முந்தின பூட்டோட லாக், மைனஸ் ஈன்னா நேரா கடைசிக்குக் கொண்டு போய் விடும். இப்ப அந்தக் கடைசி முப்பது நாப்பது வரிய நிதானமாப் படிங்க, அதுல இருக்குற நேரமும் மெஷின் நின்ன நேரமும் ஒத்துப் போகுதான்னும் பாருங்க.

அங்க அவுட் ஆஃப் மெமரி, கில்ட் ப்ராசஸ்னு இருந்தா பிரச்சனை ரேம் ரிப்பேர் இல்ல, ரேம் பத்தல, ஸ்வாப்ப பெருசாக்குங்க, இல்ல ரேம்ல இருக்குறத சுருக்கி வச்சு இடம் மிச்சப்படுத்துற இசட்ரேம் போடுங்க. என்விஆர்எம், எக்ஸ்ஐடின்னு ஒரு நம்பரோட இருந்தா அது என்விடியா கார்டு பேசுது, அந்த நம்பர் 79-னு இருந்தா கார்டு பஸ்ல இருந்தே கழண்டு போச்சுன்னு டிரைவர் சொல்லுது, கார்ட கழட்டி திரும்ப அழுத்திப் பொருத்துறது, அதுக்கு வர்ற பவர் கேபிளப் பாக்குறது, சூட்டப் பாக்குறது, பவர் சப்ளையப் பாக்குறதுன்னு போகணும். ஏஎம்டிஜிபியூ, ரிங், டைம்அவுட்னு இருந்தா ஏஎம்டி கிராபிக்ஸ், அதுக்கு முதல்ல வேற கெர்னல் போட்டுப் பாக்கறதுதான் சரி, பூட் ஆகும்போது வர்ற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள பழைய கெர்னல் இருக்கும், ஒரு அப்டேட்டுக்கு அப்புறம்தான் பிரச்சனை ஆரம்பிச்சுதுன்னா பழசுல பூட் பண்ணி ஒரு நாள் ஓட்டிப் பாத்தாலே விஷயம் தெரிஞ்சுடும். மெஷின் செக், ஹார்ட்வேர் எரர்னு வந்தா அது சிபியூவே புகார் பண்றது, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

சிவப்பு கலர்ல ஏசிபிஐ எரர்னு நாலஞ்சு வரி பாத்து பயந்துடாதீங்க. அது எத்தனையோ மெஷின்ல ஒவ்வொரு பூட்டுக்கும் வருது, மெஷின் பாட்டுக்கு நல்லாத்தான் ஓடும். ஒழுங்கா ஓடி ஒழுங்கா ஷட்டவுன் ஆன ஒரு பூட்டோட லாக்கையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் இருக்குற எரர விட்டுடுங்க, நின்ன பூட்ல மட்டும் புதுசா என்ன இருக்குன்னு பாருங்க. எத்தனை பூட்டோட லாக் இருக்குன்னு ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் லிஸ்ட் மைனஸ் பூட்ஸ் சொல்லிடும்.

இப்ப லாக்ல ஒண்ணுமே இல்ல, சாதாரணமா ஓடிட்டு இருந்தது பாதியில வெட்டுன மாதிரி நிக்குது, அடுத்த வரி அடுத்த பூட்டுதான்னா? இதுவும் ஒரு தகவல்தான். எழுதக் கூட நேரம் கிடைக்காம போயிருக்கு. உங்க கேள்வில ஃப்ரீஸும் ஆகுது, தானா ரீஸ்டார்ட்டும் ஆகுது, ரீஇன்ஸ்டாலுக்கு அப்புறமும் மாறலன்னு சொல்றதப் பாத்தா எனக்கு முதல்ல ரேம் மேலயும் அடுத்து பவர் சப்ளை மேலயும்தான் சந்தேகம் வருது, ஆனா இத டெஸ்ட் பண்ணாம நான் உறுதியா சொல்ல மாட்டேன்.

ரேம டெஸ்ட் பண்ண மெம்டெஸ்ட்86 ப்ளஸ்னு ஒரு ப்ரோகிராம் இருக்கு. 2022-ல வந்த 6-ஆம் வெர்ஷன்ல இருந்து அது யூஇஎஃப்ஐங்கற புது வகை பூட் முறை இருக்குற மெஷின்லயும் ஓடுது, அதனால பழைய வெர்ஷன்ல வரலன்னு விட்டவங்க இப்ப புதுசு எடுத்துப் பாருங்க, யூஎஸ்பில பூட் ஆகலன்னா செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிப் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, ராத்திரி போட்டுட்டு காலையில பாருங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், கோடிக்கணக்கான பைட்ல ஒண்ணு தானேன்னு நினைக்காதீங்க. ஆனா எரர் வந்த உடனே ரேம தூக்கிப் போடவும் கூடாது. பயாஸ்ல எக்ஸ்எம்பி, இல்ல எக்ஸ்போன்னு ஒரு ஆப்ஷன் ஆன்ல இருந்தா அது ரேம வழக்கமான ஸ்பீடுக்கு மேல ஓட்டுது, அத ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் எரர் வந்தா, பவர் கேபிள கழட்டிட்டு, ரேம் குச்சிகள ஒவ்வொண்ணா தனியாப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க, ஒரே குச்சிய வேற ஸ்லாட்லயும் போட்டுப் பாருங்க. எந்த ஸ்லாட்ல போட்டாலும் அதே குச்சி எரர் காட்டுனா ரேம், எந்தக் குச்சிய போட்டாலும் அதே ஸ்லாட் எரர் காட்டுனா மதர்போர்டு. இவ்வளவு பொறுமையா பண்ணாத்தான் தேவையில்லாம காசு செலவாகாது.

ரேம் சுத்தமா இருந்தா சூடு. லைவ் யூஎஸ்பிலயோ உங்க சிஸ்டத்துலயோ எல்எம் சென்சார்ஸ் போட்டுட்டு சென்சார்ஸ்னு அடிச்சா டெம்பரேச்சர் வரும், ஒரு பெரிய வேலைய ஓட விட்டுட்டுப் பாருங்க, 95, 100 டிகிரின்னு தொட்டா ஃபேன், தூசி, தெர்மல் பேஸ்ட்டப் பாருங்க. கேம், வீடியோ ரெண்டர் மாதிரி சுமை ஏறும்போது மட்டும் டக்குனு ரீஸ்டார்ட் ஆகி, சூடும் அதிகமா இல்ல, லாக்கும் காலியா இருந்தா பவர் சப்ளைய, நல்லா ஓடுற வேற ஒண்ண கடன் வாங்கிப் போட்டுப் பாக்குறதுதான் நேர்வழி. இதுக்கு நேர் எதிரா, நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா விட்டு வச்சிருக்கும்போதுதான் நிக்குது, அதுவும் 2017 வாக்குல வந்த முதல் தலைமுறை ரைசன்னா, பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும், அத டிபிக்கல் கரன்ட் ஐடில்னு மாத்துங்க. இந்த சும்மா இருக்கும்போது நிக்குற பிரச்சனை அந்த சிபியூல நிறைய பேருக்கு வந்தது, பலருக்கு இதுலயே சரியாச்சு.

டிஸ்க்க விட்டுட்டேன். லாக்ல ஐ/ஓ எரர்னு பாத்தீங்கன்னா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு முக்கியமான ஃபைல காப்பி எடுத்துடுங்க, டெஸ்ட் அப்புறம். அதுக்கப்புறம் டிஸ்க்கு எப்படி இருக்குன்னு பாக்க சூடோ ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ, கூட உங்க டிஸ்க் பேரு. மேல பெருசா பாஸ்டுன்னு வரும், அத நம்பி மூடிடாதீங்க, சாகப் போற டிஸ்க் கூட பாஸ்டுன்னு காட்டும். கீழ டேபிள்ல 5, 197, 199 இந்த மூணு நம்பர் வரிய, கடைசி நெடுவரிசைல இருக்குற ரா வேல்யூவ பாருங்க. 5-ம் 197-ம் சைபரா இல்லாம கூடிட்டே போனா டிஸ்க்கு போயிட்டு இருக்கு. 199 மட்டும் கூடுனா டிஸ்க்கு நல்லாவே இருக்கலாம், சாட்டா கேபிள்தான் சரியில்ல, கேபிள மாத்துங்க. மாத்துனதுக்கு அப்புறமும் பழைய எண்ணிக்கை அப்படியே நிக்கும், குறையாது, அதுக்கு மேல ஏறுதான்னு மட்டும் பாருங்க. என்விஎம்ஈ டிஸ்க்குல இந்த டேபிள் இருக்காது, மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்ங்கற வரிய பாத்தா போதும். அப்புறம் ஃபைல் சிஸ்டத்த செக் பண்ணி சரி பண்ற எஃப்எஸ்சிகே ஓட்டணும்னா லைவ் யூஎஸ்பில இருந்து ஓட்டுங்க, மவுன்ட் ஆகி ஓடிட்டு இருக்குற பார்ட்டிஷன் மேல ஓட்டவே கூடாது, இருக்குற டேட்டாவும் கெட்டுடும்.

லினக்ஸ் ஒத்து வராதான்னு கேட்டீங்கல்ல, அப்படி ஒரு முடிவுக்கு வர்றதுக்கு இதுவரைக்கும் நீங்க சொன்னதுல எதுவும் இல்ல. ரேம் கெட்டுருந்தா எந்த ஓஎஸ் போட்டாலும் நிக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள், இதுல எத செஞ்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் செய்யுங்க. கெர்னலையும் மாத்தி, எக்ஸ்எம்பியும் ஆஃப் பண்ணி, கேபிளையும் மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது, மறுபடி வந்தா மறுபடி முதல்ல இருந்து தேடணும். ஒரு நோட்டுல தேதி, நேரம், அப்ப என்ன ஓடிட்டு இருந்துச்சு, எத மாத்துனீங்கன்னு எழுதிட்டு வாங்க. அடுத்த தடவ நிக்கும்போது எஸ் யூ பிக்கு மெஷின் அசைஞ்சுதா இல்லையான்னு சொல்லுங்க, கூடவே அந்த லாக்கோட கடைசி முப்பது வரி, அப்புறம் உங்க மெஷின்ல என்னென்ன இருக்குன்னு இன்க்ஸி மைனஸ் எஃப் எக்ஸ் இசட் கமாண்ட் குடுக்குற விவரம், இதுல எஃப் மட்டும் பெரிய எழுத்து, கடைசில இருக்குற இசட் உங்க ஐபி, மேக் அட்ரஸ் எல்லாத்தையும் மறைச்சுடும், அதனால அத விடாமப் போடுங்க. இந்த மூணையும் அனுப்புங்க, அத ஸ்கிரீன்ல போட்டு வரி வரியா சேந்து பாப்போம்.